பொங்கல் நாளில் ஒரு பசியின் கதை

ஒரு திரைப்படத்தின் தலையெழுத்து முதல் மூன்று, நான்கு நாள்களிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பர் திரைத்தொழிலில் இருப்போர். பண்டிகைக்கு வெளிவரும் படமாயின் அந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. கூட்டம் வந்ததா, வந்த கூட்டம் கைதட்டியதா, எழுந்து போயிற்றா என்பதைக் கொண்டே தீர்ப்பு வழங்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பை வழங்குவோர் நாமே. ஆகவே நாம் வழங்கிய தீர்ப்பு ஒன்றை மீண்டும் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

2010ஆம் ஆண்டின் பொங்கல் ஒரு வியாழக்கிழமையன்று வந்தது. வெள்ளி மாட்டுப்பொங்கல், சனி காணும் பொங்கல், அடுத்து ஞாயிறு என நான்கு நாள் விடுமுறை. அந்த வியாழனன்று, சனவரி 14இல், செல்வராகவன் இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளியாயிற்று. சோழர் குலத்தைப் பற்றிய கற்பனைக் கதை என்ற செய்தி முன்பே பரவியிருந்ததால், தஞ்சை மாவட்டத்தில் அதற்கென்று தனியொரு எதிர்பார்ப்பு இருந்தது. நம் மண்ணின் கதை அல்லவா?

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாங்கள் எழுவர் வெள்ளிக்கிழமை தஞ்சைக்குப் புறப்பட்டோம். அன்று சூரிய கிரகணம். தென்கடலோரப் பகுதிகளில் அது கங்கண கிரகணமாகத் தெரிந்தது. கிரகணம் விடும்வரை பலர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. எனவே மாலைக் காட்சிக்கே நாங்கள் சென்றோம். வழியெங்கும் சம்பா கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. சில வயல்களில் அறுவடையும் தொடங்கியிருந்தது. எங்களில் மூத்தவர் ஒருவர், 1965இல் இதே பெயரில் வந்த எம்.ஜி.ஆர். படத்தைத் தம் இளமையில் பார்த்தவர். அதே உற்சாகத்தோடு முன்வரிசை கேட்டு அமர்ந்தார்.

கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1279இல் பாண்டியர் படையெடுப்பால் சோழநாடு வீழும் வேளையில், ஓர் இளவரசனும் மக்களில் ஒரு பகுதியினரும் பாண்டியரின் குலதெய்வச் சிலையோடு கடல்கடந்து மறைகின்றனர். எழுநூறு ஆண்டுகளைத் தாண்டிய இடைவெளிக்குப் பின், வியட்நாமை அடுத்த தீவொன்றில் அவர்களைத் தேடி ஒரு குழு செல்கிறது. ரீமா சென் ஏற்ற அனிதா, ஆண்ட்ரியா ஏற்ற லாவண்யா, கார்த்தி ஏற்ற கூலித்தொழிலாளர் தலைவன் முத்து ஆகிய மூவரும் கடல், நரமாமிசம் உண்போர், பாம்பு, பசி, புதைமணல் எனத் தடை பல கடந்து முன்னேறுகின்றனர். அங்கே குகைகளில், எலும்பும் தோலுமாய், தஞ்சையிலிருந்து ஒரு தூதன் வருவான், தங்களை ஊருக்கு அழைத்துச் செல்வான் என்று காத்துக்கிடக்கும் மக்களையும், பார்த்திபன் நடித்த அவர்களுடைய மன்னனையும் காண்கின்றனர்.

முதற்பாதி முழுதும் அரங்கம் எங்கள் காதுகளை அடைத்தது. படைவீரர்கள் தீவின் பழங்குடியினரைத் துப்பாக்கியால் சுட்டுச் சாய்த்தபோது சீழ்க்கை பறந்தது. மாலைக் கதிரில் ஒரு நிழல் மணல்மீது விழுந்து ஆடவல்லான் வடிவாக மாற, அந்த நிழலுக்குள்ளேயே ஓடிப் புதைமணலைக் கடக்கும் காட்சியில் ஒரு கணம் பேச்சு மூச்சில்லை, பின்பு கரவொலி. அன்று நண்பகலில் கதிரவனே மறைபட்டதைப் பார்த்த கண்களுக்கு அது கூடுதல் வியப்பைத் தந்திருக்க வேண்டும். இடைவேளையில் தேநீர்க் கடையருகே நின்றோர் எல்லாரும் ஒரே குரலில் புகழ்ந்தனர்.

இடைவேளைக்குப் பின் அரங்கம் மாறிற்று. திரையில் ஒலித்த பழந்தமிழ் புரியாமல் முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு முணுமுணுப்பு, பிறகு நாற்காலிகள் மடங்கும் ஓசை. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எங்கள் பெரியவர் எம் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, பொங்கலும் அதுவுமா பட்டினி கெடக்கிறதையா படமா எடுப்பான்?” என்றார். பேருந்தில் திரும்பும்போது, முதற்பாதி நன்று, பிற்பாதி வீண் என்று நாங்களும் சொல்லிக்கொண்டோம். அந்த வாரம் தமிழகமெங்கும் பலர் சொன்னது ஏறத்தாழ அதுவேதான்.

இந்தத் தீர்ப்புக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. படம் மூன்று மணி நேரத்தைத் தொடுமளவு நீண்டது. மொழி கடினமானது. தீரச்செயல் கதையாகத் தொடங்கியது முன்னறிவிப்பின்றி அவலக் கதையாக மாறுகிறது. மந்திரம் எங்கே முடிகிறது, சூழ்ச்சி எங்கே தொடங்குகிறது என்பதும் தெளிவாக இல்லை. பாண்டியர் வழிவந்தவளாகத் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் அனிதாவின் வஞ்சத்துக்கு, பகை என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு விளக்கம் கிட்டுவதில்லை. இறுதியில் பிடிபட்ட மக்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இழைக்கப்படும் கொடுமைகளைப் படம் காட்டும் அளவு, அக்கொடுமையைக் கண்டிக்கத் தேவையான அளவைத் தாண்டிவிடுகிறது. துன்பத்தைக் காட்டுவதும் துன்பத்தில் கண்ணை மேயவிடுவதும் ஒன்றல்ல. இக்குறைகளை இன்றும் நாம் குறைகளென்றே கொள்கிறோம்.

வரலாற்று நோக்கில் பார்த்தாலும் பிழையுண்டு. 1279ஐ ஒட்டிச் சோழராட்சி மறைந்தது மெய்யே. ஆயின் இராசேந்திரன் காலந்தொட்டே கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராகிவிட்டது. தஞ்சையோ அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே மாறவர்மன் சுந்தரபாண்டியனால் எரியூட்டப்பட்டிருந்தது. அந்த அழிவின்போதும், பட்டினப்பாலை பாடிய புலவனுக்குக் கரிகாலன் வழங்கிய பதினாறுகால் மண்டபத்தை மட்டும் பாண்டியன் இடிக்காது விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுச் செய்யுள் கூறுகிறது. வென்றவனுக்குள்ளும் இத்தகைய ஓர் ஈரம் இருந்ததை வரலாறு பதிந்திருக்க, படத்தின் பாண்டியரிடம் அது மருந்துக்கும் இல்லை. கற்பனைக்கு உரிமை உண்டு; எனினும் வரலாறு தரும் செழுமையைக் கைவிட்டதில் படத்துக்கே இழப்பு.

ஆனால், அன்று நாம் எழுந்து போனதற்கு இவை மட்டுமா காரணம்? அதே 2010, தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டு. செப்டம்பரில் அரசு விழா எடுத்தது. ஆயிரம் நடனமணிகள் ஒருங்கே ஆடினர். நகரமே திரண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 30இல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம் வந்தபோதும் அவ்வாறே. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான சூன் 12க்கு முன்பே, மே 24இலேயே திறக்கப்பட்டிருந்தது. குறுவை அறுத்த கையோடு, பாட்டி முதல் பேரன்வரை குடும்பம் குடும்பமாக மக்கள் திரையரங்குக்குச் சென்றனர். வெள்ளி தொடங்கி அடுத்த வார ஆயுத பூசைவரை அந்தக் கூட்டம் தொடர்ந்தது. அந்தப் படமும் இரண்டேமுக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுவதே. அதன் உரையாடலும் நாம் வீட்டில் பேசும் தமிழன்று. எவரும் அலுத்துக்கொள்ளவில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதி, மூன்று தலைமுறை படித்து மகிழ்ந்த கதை என்பது பெரிய துணை, அதை மறுக்கவில்லை. ஆயினும் இன்னொன்றையும் ஒத்துக்கொள்வோம். அது வாழ்ந்த சோழரின் கதை. மற்றது வீழ்ந்த சோழரின் கதை. முன்னோரின் கொடி பறந்தபோது அது நம் கொடி. முன்னோர் பசித்துக் கிடந்தபோது அது யாரோ எடுத்த புரியாத படம்.

இதனினும் கூர்மையான கேள்வி ஒன்றுண்டு. முதற்பாதியில் துப்பாக்கியேந்திய படை தீவின் பழங்குடியினரைச் சுட்டது, நாம் சீழ்க்கையடித்தோம். பிற்பாதியில் துப்பாக்கியேந்திய படை குகைவாழ் சோழரைச் சுட்டது. நாம் முகம் சுளித்தோம். ஆயுதம் மாறவில்லை, எதிரே நின்றவரின் எளிமை மாறவில்லை, மொழி ஒன்றே மாறிற்று. இயக்குநர் எண்ணித்தான் இவ்வாறு அமைத்தாரா என்பது வேறு. முதற்பாதியில் அந்தப் பழங்குடியினரை வெறும் அச்சுறுத்தலாகவே படம் தீட்டியிருப்பதால், அவரும் அன்றைய நம் நிலையிலேயே நின்றிருக்கக்கூடும். ஆயினும் காட்சிகள் அருகருகே நிற்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. அன்று அந்தப் பொறுப்பிலிருந்து நாம் பாதியில் எழுந்து போனோம்.

படம் வந்தது 2009 மே மாதத்து முள்ளிவாய்க்கால் துயரம் நிகழ்ந்து எட்டு மாதங்களே ஆன வேளை. படப்பிடிப்பு 2007லேயே தொடங்கியதென்பதால் ஒன்றை மற்றொன்றின் படியெனக் கொள்ள இயலாது. ஆயினும் சுற்றி வளைக்கப்பட்ட தமிழ்பேசும் மக்கள் கூட்டம் ஒன்றைத் திரையில் கண்ட பலர் பின்னாளில் ஈழத்தை அதில் கண்டனர். அந்த முதல் வாரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

தவறு பார்வையாளர் பக்கம் மட்டும் இல்லை. படத்தின் மெய்யான செலவு 18 கோடியே என்றும், பிரம்மாண்டம் காட்டுவதற்காக 32 கோடி என்று அறிவித்ததாகவும், செலவை மீட்டும்கூடப் படம் சுமாரான வெற்றியாகவே எண்ணப்பட்டதென்றும் செல்வராகவனே 2021இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அது மடமை என்றும் கூறினார். பெரிய எண்ணைச் சொல்லிக் கூட்டத்தை அழைத்தவர், அந்தப் பெரிய எண்ணாலேயே அளக்கப்பட்டார். படைப்பாளியும் பார்வையாளரும் ஒரே தராசில் நின்றனர். அந்தத் தராசில் பணத்தை நிறுக்கலாம். பசியை நிறுக்க இயலாது.

2021 டிசம்பர் 31இல் படம் மீண்டும் திரைக்கு வந்தது. இம்முறை இளைஞர்கள் திரண்டனர். அன்று சிரிப்புக்கிடமான பழந்தமிழ் வசனங்களைத் திரையோடு சேர்ந்து உரக்கச் சொன்னார்கள். படத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. இதைக் கண்டு, அன்றைய கூட்டம் அறியாமையுற்றது, இன்றைய கூட்டம் அறிவுற்றது என்று முடிவுகட்டுவதும் அவசரமே. கூட்டம் என்றும் கூட்டந்தான். இன்றைய ஆரவாரத்திலும் பெண்கள் சிதைக்கப்படும் காட்சிகளைப் பற்றிய கேள்வி அமுங்கிப்போவதை நாம் கவனிக்கிறோம்.

எங்கள் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை சூன் 12இல் திறக்கப்படவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 சனவரியில் தமிழகம் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, நம் வயல்களில் சம்பா கருகி நின்றது. அவ்வாண்டில் ஒருநாள் தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தது. பிற்பாதியில், தஞ்சையிலிருந்து தூதன் வந்துவிட்டானா என்று அந்த மக்கள் கேட்கும் இடத்தில், அவர் எழுந்து போகவில்லை; இறுதிவரை பார்த்தார். ஒன்றும் சொல்லவுமில்லை. வரும் வரும் என்று வாய்க்காலைப் பார்த்து நின்றவருக்கு, கொள்முதல் நிலையத்தில் சாக்குக்கும் லாரிக்கும் நெல்லோடு இரவுபகல் காத்துக்கிடந்தவருக்கு, அந்தக் கேள்விக்குப் பொருள் சொல்ல எவரும் தேவைப்படவில்லை. பாபிலோனில் அமர்ந்து தம் ஊரை எண்ணி அழுத மக்களின் கதையை ஆண்டுதோறும் கேட்கும் நமக்கும் அது தேவைப்பட்டிருக்கக் கூடாது.

அடுத்த பண்டிகைக்கும் படங்கள் வரும். நான்கு நாள்களில் வெற்றி தோல்வி அறிவிக்கப்படும். அதைத் தடுக்க நம்மால் இயலாது. அரங்கைவிட்டு எழத் தோன்றும்போது, எதைக் காணப் பொறாமல் எழுகிறோம் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளலாம். விடை படத்தின் குறையாக இருந்தால் தயங்காமல் எழுவோம். நம் குறையாக இருந்தால், இன்னும் சற்று நேரம் அமர்ந்திருப்போம்.