சித்திலெப்பையும் நம் நினைவுக் கட்டுரைகளும்

நம் கல்முனைக் கரையோரப் பாடசாலைகளிலே பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் அடிக்கடி கொடுக்கப்படும் பொருள்களுள் அறிஞர் சித்திலெப்பை என்பதும் ஒன்று. மாணவர் எழுதுவனவும் மலர்களிற் பெரியோர் எழுதுவனவும் பெரும்பாலும் ஓரச்சில் வார்த்தனவே. 1838 இல் கண்டியிற் பிறந்தார், சட்டங் கற்று வழக்கறிஞரானார், 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார், 1885 இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார், 1898 இல் மறைந்தார், மறுமலர்ச்சியின் தந்தையாவார். இச்செய்திகளிற் பிழையில்லை. ஆயினும், அவர் எதனை மறுத்தார், அவரை எவர் மறுத்தனர், எக்காரணம் பற்றி மறுத்தனர் என்பனவற்றை இக்கட்டுரைகளிலே தேடினாலும் காண்டல் அரிது. அறியாமையில் மூழ்கிய சமூகம் எதிர்த்தது என்னும் ஒரே வாக்கியத்தோடு அப்பகுதி முடிந்துவிடுகின்றது.

எதிர்த்தோர் அனைவரும் அறிவிலிகள்தாமோ? அந்நாளிலே ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பாடசாலைகளிலேயே கிடைத்தது. அங்கே பிள்ளையை அனுப்பினால் எழுத்தோடு மார்க்கமும் மாறிவிடும் என்று ஒரு தந்தை அஞ்சியது வெறும் மடமையன்று. அதே அச்சமே 1848 இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவுதற்கும் ஏதுவாயிற்று என்பதை இம்மலரின் வாசகர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சித்திலெப்பை அவ்வச்சத்தை எள்ளி நகையாடினாரல்லர். அதற்கு விடை தேடினார். ஆங்கிலத்தை விலக்காமல், அதனை முஸ்லிம்களே நடத்தும் பாடசாலையிற் கற்பிக்கலாம் என்பது அவர் கண்ட விடை. பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டுமென்றது இன்னும் துணிவான கூற்று. 1883 இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த அராபி பாஷாவின் ஆதரவும், வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் துணைநிற்க, 1892 இல் மருதானையில் மதுறஸா தோன்றிற்று. பின்னர் அது ஸாஹிறாவாயிற்று. நம் கல்முனைக் கல்லூரி தாங்கி நிற்பதும் அப்பெயரையே.

எதிர்த்தோரின் வாதத்தை நீக்கிவிட்டு அவரைப் போற்றுவது, வினாத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு விடைத்தாளுக்குப் புள்ளியிடுவது போன்றது. 1977 இல் அரசாங்கம் அவருருவைத் தபால் முத்திரையிற் பொறித்தது, மகிழத்தக்கதே. ஆனால் தபால் முத்திரையிலுள்ள முகம் எவரோடும் வாதிடுவதில்லை. சூபித் தத்துவம் பற்றி அவர் 1897 இல் வெளியிட்ட ‘அஸ்றாறுல் ஆலம்’ நம் கட்டுரைகளிலே நூற்பெயராக மட்டும் வந்து போவதும் இதனாலேதான் போலும். அசன்பேயின் கதைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 1879 இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு அடுத்த நாவல் எதுவென்பதில் நம் விமரிசகர் செலவிட்ட மைக்கு அளவில்லை. மிசிறு தேசத்திலே பிறந்து, களவாடப்பட்டுப் பம்பாயில் வளரும் ஒரு சிறுவனைக் கண்டி வழக்கறிஞர் ஏன் தம் கதாநாயகனாக்கினார் என்று கேட்டோர் சிலரே.

இக்குறை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரியதன்று. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனல் தகாதென்று நாவலர் வாதிட்டதும், 1869 இல் அது நீதிமன்றம்வரை சென்றதும் யாவரும் அறிந்தவை. இன்று இருவர் படங்களும் ஒரே சுவரில் அமைதியாகத் தொங்குகின்றன. அடிகள் மறைந்தது 1874 இல். சாதி சமய வேறுபாடுகளைக் கடிந்த ஆறாந் திருமுறை அச்சேறியதோ 1885 இல். இன்றும் விழா மேடைகளில் முதலிற் பாடப்படுவன முந்திய திருமுறைகளின் துதிப்பாடல்களே.

இறந்தோர் நிலை இவ்வாறாயின், உயிரோடிருப்போர் நிலை யாது? நமக்கு வடக்கேயுள்ள ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது அப்பெண்களுக்குப் பாதுகாப்பாகலாம் என்று 2012 இல் பி.பி.சி. தமிழோசைக்கு அளித்த பேட்டியொன்றிலே கூறினார். அக்கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. மறுத்தற்கு மார்க்க நெறியிலும் சமூக நெறியிலும் வலிய காரணங்கள் உள. அவற்றை எழுதியிருக்கலாம். கிடைத்ததோ பெரும்பாலும் வசையும் அச்சுறுத்தலும். அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2015 இல் அவர் கொல்லப்பட்டார் என்னும் பொய்ச் செய்தியும் பரப்பப்பட்டது.

இதனிடையே, 2014 இல் அவருடைய ‘உம்மத்’ நாவல் வெளிவந்தது. போரின் வடுக்களைச் சுமந்து வாழும் தவக்குல், யோகா, தெய்வானை என்னும் மூன்று பெண்களைப் பற்றியது அது. முஸ்லிம் பெண்ணொருத்தியையும் தமிழ்ப் பெண்கள் இருவரையும் ஒரு கதைக்குள்ளே அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சி, இக்கரையோரத்தில் அடுத்தடுத்த ஊர்களிலே வாழும் நமக்கு மிக நெருங்கியது. அம்முயற்சி எங்கே கைகூடுகின்றது, எங்கே கட்டுரையாகச் சரிகின்றது என்பதே விமரிசகன் பேச வேண்டியது. நம் பகுதியில் நான் கேட்ட பேச்சுக்களோ ஆசிரியையின் துணிவைப் போற்றின, அன்றேல் அவர் நடத்தையைத் தூற்றின. யோகாவைப் பற்றியோ தெய்வானையைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை.