கை பேசும், கூடம் கத்தும்

‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ என்ற படப்பெயரை வாய் திறக்காமல் நண்பர்களுக்குப் புரியவைக்க வேண்டும். பெரும்பாலோர் முதலில் நான்கு விரலைக் காட்டுவார்கள், நான்கு சொல் என்று. முதல் சொல்லுக்கு உள்ளங்கையைக் குத்தாக நிறுத்திக் காற்றை இரண்டாக வகிர்வார்கள். அடுத்ததற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிட்டிகை. கடைசிச் சொல்லுக்குச் சட்டைப்பையைத் தடவிவிட்டு வெறுங்கையை விரிப்பார்கள். வந்து சேர்ந்துவிடலாம், ஆனால் நேரம் போகும்.

ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெண் இதையே வேறு மாதிரி செய்தாள். விரலே காட்டவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் இல்லாத புத்தகத்தை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். விரலை நாவில் தொட்டு ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொன்று புரட்டினாள். புதுப் பக்கத்தின் முதல் வரியில் அவள் கண் திடுக்கிட்டு நின்றது. பின்னால் போனாள், முன்னால் வந்தாள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அவள் தலை நிமிர்வதற்குள் மாடியே படத்தின் பெயரைக் கத்தியது.

டம் ஷராட்ஸ் என்று வீடுகளிலும், டம்ப் சி என்று கல்லூரி விடுதிகளிலும் சொல்லப்படும் இந்த ஆட்டத்தைத் தெரியாதவர் நம் ஊரில் அநேகமாக இல்லை. எதிரணி காதில் கிசுகிசுக்கும் படப்பெயரைத் தன் அணிக்கு நடித்துக் காட்ட வேண்டும். உதடு அசையக் கூடாது, காற்றில் எழுத்து எழுதக் கூடாது. ஒரு கையைக் கண்ணருகே வைத்து மறுகையால் கைப்பிடியைச் சுற்றினால் சினிமா. கைப்பிடி வைத்த கேமராவை நேரில் பார்த்திராத பிள்ளைகளும் இன்றுவரை அப்படித்தான் சுற்றுகிறார்கள்.

ஆடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பெயரைச் சொல் சொல்லாக, அசை அசையாகப் பிரித்து நடிப்பவர்கள் ஒரு வகை. மாடியில் அந்தப் பெண் செய்ததுபோல முழுப் பெயரையும் ஒரே காட்சியாக்கிவிடுகிறவர்கள் மறு வகை. என் மனம் இரண்டாம் வகையின் பக்கம்தான் சாயும். ஆனாலும் முதல் வகையைக் குறைத்து மதிப்பிட முடியாது, இந்த ஆட்டத்தின் பூர்வீகமே அதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் இது எழுத்துப் புதிராக இருந்தது. ஒரு சொல்லைத் துண்டாக்கி, என் முதல் பாதி இது, மறுபாதி இது, முழுவதும் சேர்ந்தால் நான் யார் என்று கேட்கும் புதிர். 1815இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வில் இப்படி ஒரு புதிர் வருகிறது. எம்மா விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கிறாள், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதில்தான் கோட்டைவிடுகிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிர் காகிதத்திலிருந்து இறங்கி வரவேற்பறைக்கு வந்தது. 1847இல் வெளிவந்த சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அய்ர்’ நாவலில் ராச்செஸ்டரும் அவர் விருந்தாளிகளும் பிரைட்வெல் என்ற சிறைச்சாலையின் பெயரை மூன்று காட்சிகளாக நடிக்கிறார்கள். முதலில் பேச்சில்லாத ஒரு திருமணம், பிறகு ஒரு கிணற்றடி, கடைசியில் விலங்கு பூட்டிய கைதி. முதல் இரண்டு காட்சிகளையும் கூட்டினால் மூன்றாவது வந்துவிடும்.

அந்தக் கூட்டல் கணக்கு நம்மிடம் அப்படியே இருக்கிறது. ‘அண்ணாமலை’ வந்தால் கூட்டத்திலிருக்கும் தம்பியையும் தன்னையும் மாறி மாறிக் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் உச்சியில் குவித்து ஒரு மலையை எழுப்புகிறான் ஒருவன். ‘ரமணா’ போன்ற வெறும் பெயர்கள் வரும்போதுதான் கை விறைத்துப்போகும். அங்கே காதைப் பிடித்து இழுத்து, இதேபோல ஒலிக்கும் வேறொரு சொல்லுக்குப் போக வேண்டும். கிடைத்த சொல் குட்டையாக இருந்தால் ரப்பரை இழுப்பதுபோல் கைகளை அகட்டி நீட்டச் சொல்லலாம். நெட்டையாக இருந்தால் இரண்டு விரலைக் கத்தரியாக்கி வால் பகுதியை வெட்டச் சொல்லலாம். இந்த ஒட்டுவேலையிலும் ஒரு நேர்த்தி இருக்கிறது. நான் ரசிப்பது அவசரப்படாத கையை. ஒரு சைகையை முடித்து, கையைத் தாழ்த்தி, ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குகிற கை.

இத்தனையும் தேர்ந்தவருக்குக் கூட ஒன்று குறைந்தால் ஆட்டம் தோற்கும். நல்ல காது வேண்டும். பேச முடியாமல் நிற்பவர்தான் அந்தக் கூடத்திலேயே மிக நன்றாகக் கேட்கிறவராக இருக்க வேண்டும். ‘அன்பே சிவம்’ வருகிறது என்று வையுங்கள். நெஞ்சில் கை வைத்தாயிற்று. ‘காதல்’, ‘மனசு’, ‘உயிரே’ என்று நாலா பக்கமும் குரல்கள். எங்கோ மூலையில் ஒரு சிறுவன் ‘அன்பு’ என்று முனகுகிறான். தேர்ந்தவர் அந்த முனகலைப் பிடித்துவிடுவார். மற்ற குரல்களை ஒரு கையால் துடைத்துவிட்டு, சிறுவனை நோக்கி வா வா என்று இரு கையாலும் வாரியிழுப்பார். கழுத்தில் பாம்பு, நெற்றியில் ஒரு கண் எல்லாம் அதற்குப் பிறகுதான். தேறாதவருக்குத் தன் மனத்திலிருக்கும் சைகை ஒன்றே உலகம். புரியவில்லையென்றால் அதையே இன்னும் வேகமாகச் செய்வார், கண்ணை உருட்டுவார், கடைசியில் தலையில் அடித்துக்கொள்வார். கூட்டம் நல்லெண்ணத்தோடு ‘தலைவலி’ என்று சொல்லும்.

ஒரு சைகைக்கு யார் என்ன பொருள் கொள்வார் என்பதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. ‘மௌன ராகம்’ வந்தபோது உதட்டில் விரல் வைத்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அறை முழுக்கப் பணிவாக வாயை மூடிக்கொண்டது. யாருமே யூகிக்கவில்லை. அவர் பிறகு செய்ததுதான் வித்தை. அந்த அமைதியையே சுற்றிலும் கைநீட்டிக் காட்டி, ‘இதுதான், இதைத்தான் சொல்லுங்கள்’ என்று புருவத்தால் கேட்டார்.

தலைமுறைகள் கலந்த கூடத்தில் ஆடும்போது இது இன்னும் அழகாகிறது. இளையவர்கள் படத்தை நாயகனின் உடம்பாக நினைவு வைத்திருக்கிறார்கள். ஒற்றை விரலை உயர்த்தி நடந்தாலே ‘பாட்ஷா’ என்பார்கள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து இழுத்தால் ‘16 வயதினிலே’ சப்பாணி. சிலர் இதைக் குறுக்குவழி என்று தடைசெய்வார்கள். நான் தடைசெய்ய மாட்டேன். ஒரு நடையைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு வீடே அடையாளம் காண்கிறது என்றால் அது அந்த நடிகர்களுக்குக் கிடைத்த மரியாதை. பேரன் கன்னத்தை உப்பவைத்து இரு கையிலும் நாயனத்தைப் பிடித்து ஊதுகிறான். அவன் அணியில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஓரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, யாரும் தன்னைக் கேட்காமலே, ‘தில்லானா மோகனாம்பாள்டா’ என்கிறார். அந்தப் புள்ளியைக் கொடுக்க மறுக்கும் எதிரணியை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘மூன்றாம் பிறை’ வரும்போது மட்டும் எனக்குள் ஏதோ ஒன்று நகரும். தலையில் ஒரு பானையைக் கவிழ்த்துக் குரங்குபோல் குதித்தால் போதும், எல்லாரும் சொல்லிவிடுவார்கள். 1982இல் பாலு மகேந்திரா எடுத்த அந்த உச்சக்காட்சியை நினைத்துப் பாருங்கள். ரயில் புறப்படும் நேரம். பழைய நினைவு திரும்பியதும் சீனுவோடு இருந்த நாட்களை மறந்துபோன பெண் ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறாள். கமல் ஹாசன் நடித்த அந்தச் சீனு பிளாட்பாரத்தில் தாவித் தாவிக் குதிக்கிறான், தான் யார் என்று அவளுக்கு நினைவூட்ட. அவளுக்கோ அவன் யாரோ ஒரு பிச்சைக்காரன். நாம் கூடத்தில் விளையாடுவதும் அதே காரியம்தான், அங்கே பார்ப்பவருக்குக் கடைசிவரை விடை வரவில்லை. இங்கே மூன்று நொடியில் வந்துவிடுகிறது, கைதட்டல் கேட்கிறது. அதே குதியலை அதே கமலின் ரசிகர்கள் சிரித்துக்கொண்டே செய்வதில் எனக்குக் குறையொன்றும் தோன்றியதில்லை. படம் எவ்வளவு ஆழமாக உள்ளே போயிருக்கிறது என்றுதான் தோன்றும். 1987இல் வசனமே இல்லாமல் வந்த ‘பேசும் படம்’ சீட்டில் வந்தால், அதைக் காட்ட வாயைப் பொத்திக்கொள்வதா திறப்பதா என்று நல்ல ஆட்டக்காரரும் ஒரு நிமிடம் திகைப்பார்.

கல்லூரிக் கலைவிழாப் போட்டிகளில் இந்த ஆட்டம் வேறு உருவம் எடுக்கிறது. அணிகள் மாதக்கணக்கில் பழகி, இந்த அசைவுக்கு இந்தச் சொல் என்று தங்களுக்குள் ஒரு சங்கேத அகராதியே வைத்திருக்கும். சீட்டில் எவ்வளவு கடினமான சொல் வந்தாலும் கண்சிமிட்டும் நேரத்தில் விடை வந்துவிடும். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் அங்கே எனக்கு ரசிக்க அதிகம் இல்லை. முன்பே எழுதிவைத்த கைகளின் அழகை அறிய நமக்கு நாட்டியம் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஒற்றைக் கைகள் 33, இரட்டைக் கைகள் 15 என்று வரிசைப்படுத்தித் தருகிறார். அந்தக் கை ஆடுபவருக்கும் தெரியும், தேர்ந்த பார்வையாளருக்கும் தெரியும். கூடத்து ஆட்டத்தின் கை எந்த உரையிலும் இருக்காது. அந்த நொடியில், அந்த இருவருக்கிடையே, தேவைக்குப் பிறந்து, விடை வந்ததும் போய்விடும். நாளைக்கே அதே பெயர் வந்தால் வேறு ஒருவர் வேறு கையால் பேசுவார்.

பெயரைத் தேர்ந்து கொடுப்பதிலும் ரசனை வேண்டும். யாரும் கேள்விப்படாத படத்தைத் தேடிக் கொடுப்பது திறமையாகாது. எல்லாரும் பார்த்த, ஆனால் யாரும் கையால் நினைத்துப் பார்த்திராத பெயரைக் கொடுக்க வேண்டும். ‘எங்கேயும் எப்போதும்’ அப்படி ஒன்று. இடம் எளிது, மணிக்கட்டைத் தட்டினால் நேரமும் எளிது. அந்த இரண்டு ‘உம்’ விகுதிகளைக் காட்டுவதற்குள் அணி அணியாக வியர்த்துவிடுவார்கள். நேரம் முடிந்தபின்தான் அடுத்த ஆட்டம் தொடங்கும். ‘அப்படியா நடிப்பாங்க, இப்படிப் பண்ணியிருக்கணும்’ என்று எதிரணிக்காரர் எழுவார், ‘மச்சி, உனக்கு விடை தெரியும், அதனால ஈசியா இருக்கு’ என்று இவர்கள் இரைவார்கள், ஒரு ‘உம்’மை எப்படி நடிப்பது என்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்லி நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் நடித்துக்கொண்டிருப்பார்கள்.