சிக்கரி எத்தனை?

திண்டுக்கல்லில் நான் காபித்தூள் வாங்கும் கடையின் வாசனை, நாலு கடைக்கு முன்னாலேயே வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். பின்கட்டில் வறுக்கும் டிரம் சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் அரைவை இயந்திரம், பக்கத்தில் தராசு. கொட்டையை நிறுத்து இயந்திரத்தில் கொட்டியதும் கடைக்காரர் நிமிர்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “சிக்கரி எத்தனை?” நான் “இருபது” என்பேன். கல்யாண வீட்டுக்கு வாங்க வந்த சமையல்காரர் “நாப்பது போடுங்க, நெறம் தெரியணும்ல” என்பார். மூலையிலிருக்கும் தகர டின்னைத் திறந்து, அதற்கென்றே உள்ள கரண்டியால் அள்ளிப் போடுவார். காற்று பட்டால் பிசுபிசுத்துக் கட்டியாகிவிடும் தூள் அது. டின் ஒரு நொடி திறக்கும், உடனே மூடிவிடும்.

அந்தக் கேள்விக்கு “போடவே கூடாது” என்று பதில் சொல்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அவர்களில் ஒருவன். போன பொங்கலுக்கு வந்தவன் பையிலிருந்து கையால் சுற்றும் சிறிய அரைவை, கிராம் காட்டும் தராசு, கொக்கு மூக்குக் கெண்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். 15 கிராம் தூள், 240 மில்லி வெந்நீர், மூன்று நிமிடம். கண்ணாடிக் குவளையில் தேன் நிறத்தில் காபி இறங்கியது. என் அம்மா ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு. பால் எப்ப ஊத்துவ?” என்று கேட்டார். “பால் ஊத்துனா பழ வாசமெல்லாம் போயிரும் அம்மாச்சி” என்றவன், என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க குடிக்கிறது காபியே இல்ல, சிக்கரிக் கஷாயம்” என்றான்.

அவன் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பீர் உலகில் இந்தச் சண்டை பழையது. சிறிய ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பீரின் ரசிகர்கள், பெரிய கம்பெனிகளின் மலிவு பீரை வாயில் வைக்கக்கூட லாயக்கற்றது என்பார்கள். இங்கிலாந்தில் 1971-இலேயே ‘ஏல்’ என்ற பழைய முறை பீரைக் காப்பாற்ற ஓர் இயக்கம் கிளம்பிவிட்டது. திண்டுக்கல்காரருக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை. 2003-க்குப் பிறகு மதுவுக்குச் சில்லறைக் கடை என்றால் அரசின் டாஸ்மாக் மட்டும்தான். அங்கே கிடைப்பதுதான் பீர். ஆகவே நம் ஊரின் ருசி அரசியலைப் பார்க்க வேண்டுமென்றால் பாட்டிலை விட்டுவிட்டு டபராவைப் பார்க்க வேண்டும். அதுவும் காபி விளையும் மலைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு.

வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாக மேலே ஏறினால் பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. கீழ்ப்பழனி மலையின் அராபிகா காபி இங்கேதான், மர நிழலில், மிளகு, மலைவாழை, கமலா ஆரஞ்சுக்கு நடுவே விளைகிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டிவீரன்பட்டியில் கொட்டையைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு காபி கேட்டால் கிடைப்பது என்னவோ, கொதிக்கும் பாலில் இன்ஸ்டன்ட் தூளைப் போட்டு நுரைக்க ஆற்றியது. அதிலுள்ள சிக்கரி குஜராத்திலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்திருக்கும். இந்தியக் காபியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கப்பலேறிவிடுகிறது.

முதலில் தங்கை மகனின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1942-இல் வந்த காபிச் சட்டத்தின்படி, விளைந்ததை எல்லாம் வாரியத்தின் பொதுக் குவியலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. பணம் தவணை தவணையாக வந்தது. தோட்டத்தின் பெயர் அந்தக் குவியலில் கரைந்துவிட்டது. அராபிகா ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் பச்சைக்காயும் சிவந்த பழமும் இருக்கும். பழத்தை மட்டும் பறிக்க வேண்டுமென்றால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் போக வேண்டும். பெயரே இல்லாமல் போகிற கொட்டைக்கு எவர் அந்தக் கூலியைக் கொடுப்பார்? 1990-களில் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முழுதாக நீங்கியது. அதற்குப் பின்தான் தோட்டத்தின் பெயரை அச்சிட்டு விற்கும் சிறிய வறுவல் கம்பெனிகள் வர முடிந்தது. 2013-இல் டெல்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. பழுத்ததைப் பறி, வறுத்த தேதியைப் போடு, எந்தத் தோட்டம் என்று சொல் என்று இந்த ரசிகர்கள் பிடிக்கும் பிடிவாதம் கொட்டையின் தரத்தை உயர்த்தியிருக்கிறது. இதை மறுப்பது வீம்பு.

அவர்களுடைய சந்தேக புத்தியையும் பாராட்ட வேண்டும். சிக்கரி கலந்த தூளில் குறைந்தது 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் போட்டாக வேண்டும். ஆகவே முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘காபி’ என்றும், எங்கோ ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் 53:47 என்றும் போட்டு விற்கிறார்கள். பாதிக்குப் பாதி வேர்த்தூளை வாங்கிக்கொண்டு காபி வாங்கியதாக நினைக்கிறோம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் தூளைத் தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதந்து சண்டித்தனம் செய்யும். சிக்கரி உடனே, பழுப்பு நூல் நூலாகச் சாயம் விட்டபடி அடியில் போய் உட்காரும். நான் செய்து பார்த்தபோது நூல்கள் எதிர்பார்த்ததைவிடத் தடிமனாகவே இறங்கின. அடுத்த மாதமே பொட்டலத்தை விட்டுக் கடைத்தூளுக்கு மாறினேன். என் அம்மாவுக்கு ஒரு வருத்தம்: பழைய தூளில் மத்தியானம் நன்றாகத் தூக்கம் வந்ததாம். வந்திருக்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது.

இதுவரை அவன் பக்கம்தான். ஆனால் விகிதத்தை மறைத்து விற்கிறவன்மேல் வர வேண்டிய கோபம், சிக்கரியின் மேல் தாவி, அங்கிருந்து சிக்கரிக் காபி குடிக்கிறவர்மேல் போய் விழுகிறதே, அங்கேதான் அவன் சறுக்குகிறான்.

சிக்கரி நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. காசினிக்கீரை என்று நாம் சொல்வது இந்தக் குடும்பத்துச் செடிதான். அதன் வேரை வறுத்து அரைத்தால் இது. ஐரோப்பாவில் காபிக்கு இது துணையானது ராஜாக்களின் புண்ணியத்தால். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் 1777-இல், என் குடிமக்கள் காபியை விட்டுவிட்டு பீர் குடிக்கட்டும் என்று அறிக்கையே விட்டார். 1806-இல் நெப்போலியன் போட்ட வணிகத் தடையால் பிரான்சில் காபி வரத்துக் குறைந்தது; சிக்கரிக்கு யோகம் அடித்தது. பஞ்சத்தில் வந்தது, பஞ்சம் தீர்ந்த பிறகும் போகவில்லை. நாக்குக்குப் பிடித்துவிட்டது.

நம் நாக்குக்குப் பிடித்ததற்குக் காரணம் பால். நம் காபி ஒரு பங்கு டிகாக்‌ஷனும் மூன்று நான்கு பங்கு பாலும் சேர்ந்த பானம். தங்கை மகன் கொண்டுவந்த இளவறுவல் அராபிகா அத்தனை பாலில் மூழ்கிக் காணாமல் போய்விடும். பால்தான் தெரியும். சிக்கரி போட்டால் தண்ணீர் பில்டரில் அவசரப்பட்டு இறங்காது. டிகாக்‌ஷன் கெட்டிப்படும், நிறம் நிற்கும். வறுத்த சர்க்கரைபோல ஒரு கசப்பினிப்பு பாலைத் தாண்டி மேலே வரும். காய்ச்சும் முறையும் கலவையும் ஒன்றுக்காக ஒன்று வளர்ந்தவை. சாம்பாருக்கான பருப்பைப் பாயசத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பருப்பு மட்டம் என்று சொல்வது என்ன நியாயம்?

இதையே பீர்க்காரர்கள் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டார்கள். பார்லியோடு மக்காச்சோளமும் அரிசியும் சேர்ப்பது மலிவுக்கான கலப்படம் என்பது அமெரிக்கக் கைப்பக்குவ ரசிகர்களின் நெடுநாள் வசை. ஆனால் அந்த நாட்டின் ஆறுவரிசை பார்லியில் புரதம் அதிகம். அதை மட்டும் வைத்துக் காய்ச்சினால் பீர் கனத்துக் கலங்கும். சோளம் சேர்த்தால் தெளியும். ஜெர்மனியிலிருந்து குடியேறிய பழைய வடிப்பாளர்கள் அதைச் சேர்த்ததற்கு இது ஒரு காரணம். 1829-இல் தொடங்கிய யூங்லிங் ஆலையைச் சோளம் சேர்த்த குற்றத்துக்காகக் கைப்பக்குவப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்த வடிப்பாளர் சங்கம், 2014-இல் தன் இலக்கணத்தைத் திருத்தி உள்ளே அழைத்துக்கொண்டது. நம் காபி ரசிகர்களுக்கு இன்னும் அந்த 2014 வரவில்லை.

இந்த இளக்காரத்துக்குப் பின்னால் இன்னொன்றும் உண்டு. அது வெறும் நாக்கு விவகாரம் இல்லை. தமிழ்நாட்டில் காபி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும், டீ எப்படி உழைப்பாளியின் பானமாகவும் ஆயின என்பதை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். எவர் வீட்டில் என்ன காபி என்பது இங்கே வெகுநாளாக அந்தஸ்துக் கணக்கு. “எங்காத்துல சிக்கரியே சேக்கறதில்லை” என்ற பழைய பெருமைக்கும், “சிங்கிள் ஆரிஜின் மட்டும்தான்” என்ற புதிய பெருமைக்கும் இடைவெளி அதிகமில்லை. உடுப்பு மாறியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு காபி இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். நகரத்துக் காபிக்கடையில் ஒரு கோப்பைக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை ராத்தலுக்கு நான்கு டாலரைத் தாண்டி எகிறியபோது, இந்த இரண்டு கோப்பைகளில் எதில் சிக்கரி கூடியிருக்கும் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டாம்.

இதே இளக்காரத்தை இலக்கியத்திலும் பார்த்திருக்கிறோம். மலையடிவாரத்து வத்தலக்குண்டு இலக்கியத்துக்குப் பேர்போன ஊர். எழுத்தாளர்கள் ராஜம் ஐயரும் பி. எஸ். ராமையாவும் அந்த மண். அங்கே வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். வெகுஜனப் பத்திரிகைகள்மேல் சிற்றிதழ்க்காரர்கள் காட்டிய கோபத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கோபம் இல்லையென்றால் புதுக்கவிதை இவ்வளவு சீக்கிரம் காலூன்றியிருக்காது. ஆனால் அதே வட்டத்தில் சிலருக்குப் படைப்பின் மேலிருந்த அக்கறை தேய்ந்து, தொடர்கதை படிப்பவரைக் கேலி செய்வதே இலக்கியச் செயல்பாடாகிப்போனது. காபியில் நான் பார்ப்பது அந்த இரண்டாம் கட்டம்.

சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ரசிகர்கள் காபியை 100-க்கு மதிப்பெண் போட்டுச் சுவைப்பவர்கள். 80-ஓ அதற்கு மேலோ வாங்கினால்தான் ‘ஸ்பெஷாலிட்டி’. மதிப்பெண் இருக்கட்டும். நம் மலைக்காபியில் அவர்கள் கண்டுபிடிக்கும் சுவை ப்ளூபெர்ரி, பெர்கமாட், ராஸ்பெர்ரி. தாண்டிக்குடியில் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நிற்பது கமலா ஆரஞ்சும் விருப்பாச்சி வாழையும். நாவல்பழம், கொடுக்காப்புளி, பனங்கருப்பட்டி என்று சொன்னால் என் அம்மாவுக்கே அந்தக் குவளையில் பாதி பிடிபட்டிருக்கும். மண்ணின் சுவையைக் கொண்டாடுகிறவர்கள் மண்ணின் சொல்லை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லும் பலவும் எங்கள் தூள் கடையில் ஏற்கெனவே இருக்கின்றன என்பது வேடிக்கை. அன்றன்றைக்கு வறுவல், கண்முன் அரைவை, நூறு கிராம் அளவில் புதுத்தூள், வாங்குகிறவர் சொல்கிற கலவை. சிக்கரி விகிதத்தை வாய்விட்டுக் கேட்டு, கேட்டபடி போட்டுத் தருகிற நேர்மை எந்தப் பளபளப்புப் பொட்டலத்திலும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் அங்கே இல்லை. கொட்டையின் ஊர். “அராபிகா பீபெரி, ரொபஸ்டா ரெண்டும் கலந்தது” என்பதோடு கடைக்காரர் நிறுத்திக்கொள்வார். நாங்களும் மேலே கேட்டதில்லை. காபி வாரியத்தின் வட்டாரக் காபிப் பட்டியலில் பழனி மலைக்கு ‘புல்னீஸ்’ என்ற பெயரில் தனி இடம் உண்டு. 2019-இல் குடகு, வயநாடு, சிக்கமகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் மலை அதில் இல்லை. அதே 2019-இல்தான் பழனிப் பஞ்சாமிர்தமும் திண்டுக்கல் பூட்டும் குறியீடு வாங்கின. பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் பெற்ற விருப்பாச்சி வாழைக்கு அதற்கும் பல ஆண்டு முன்பே கிடைத்துவிட்டது. அந்த வாழைக்குப் பக்கத்திலேயே நிற்கும் காபிச் செடி பெயரில்லாமல் மலையிறங்குகிறது.

தங்கை மகன் ஊருக்குக் கிளம்பும்போது கால் கிலோ கடைத்தூள் கட்டிக் கொடுத்தேன், சிக்கரி பத்து போட்டு. முகத்தைச் சுளித்தாலும் வாங்கிக்கொண்டான். அவன் விட்டுப்போன குவளையில் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்காப்பி இறக்கிக் குடிக்கிறேன். நன்றாகவே இருக்கிறது, பால் இல்லாதபோது.

அடுத்த முறை நீங்கள் தூள் கடையில் நிற்கும்போது அவர் “சிக்கரி எத்தனை?” என்று கேட்பார். கூச்சப்படாமல் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கொட்டை எந்த மலை என்று திருப்பிக் கேளுங்கள்.