நோயாளியின் இடத்தில் நிற்பவர் யார்? மருத்துவக் கல்வியில் விவாத அரங்கு

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018இல் வெளியிட்ட மனப்பான்மை, அறநெறி, தொடர்பாடல் குறித்த பாடக்கூறு, 2019 முதல் எம்.பி.பி.எஸ். கல்வியின் பகுதியாயிற்று. பாத்திரமேற்று நடித்தல் அதன் பயிற்றுமுறைகளுள் ஒன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, தில்லியிலுள்ள பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் கல்லூரியில், பிரேசில் நாடகவியலாளர் அகஸ்டோ போவாலின் ஒடுக்கப்பட்டோர் அரங்கு மாணவரிடையே பயன்படுத்தப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் போக்கு மறுபரிசீலனைக்குரியது.

போவாலின் விவாத அரங்கில், தோல்வியில் முடிந்த காட்சி மீண்டும் நடிக்கப்படும். பார்வையாளர் எவரும் 'நிறுத்து' எனக் கூறி மேடையேறலாம். ஆயின் அவர் ஏற்பது ஒடுக்கப்பட்டவரின் பாத்திரத்தையே. ஒடுக்குபவரைத் திடீரென நல்லவராக்கும் தீர்வைப் போவால் 'மாயம்' என விலக்கினார். வகுப்பறை நடிப்பிலோ மாணவர் பெரும்பாலும் மருத்துவராகவே நடிக்கிறார். கனிந்த குரலும் முகம் நோக்கிய பேச்சும் மதிப்பிடப்படுகின்றன. போவால் விலக்கிய மாயமே இங்குப் பாடமாகிறது.

தூத்துக்குடிக் கடற்கரையைக் கொண்டு இதனை விளக்கலாம். அங்கு முத்துக்குளித்தல் 1961உடன் நின்றுபோயிற்று, சங்குகுளித்தல் தொடர்கிறது. கம்ப்ரசர் குழாய்க் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர் விரைந்து மேலேறினால், உடலில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகும். மூட்டுவலி முதல் கால் செயலிழப்பு வரை நேரலாம். அத்தகைய ஒருவர் புறநோயாளர் பிரிவுக்கு வருவதாக ஒரு காட்சியை அமைத்துப் பார்க்கலாம். 'எத்தனை மீட்டர்?' என்கிறார் மருத்துவர். குளியாளர் பாகக் கணக்கில் விடை சொல்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. உயரழுத்த அறையில் ஆக்சிஜன் சிகிச்சை வேண்டிய நோய், வெறும் மூட்டுவலியாகப் பதிவாகிறது.

மருத்துவராக நடிப்பவர் மறுமுறை பொறுமையாகக் கேட்டால் காட்சி இனிதே முடிந்துவிடும். குளியாளராக நடிப்பவருக்கு அஃது எளிதன்று. குரலை உயர்த்தினால் குடித்திருக்கிறார் என்ற ஐயம் எழும். அமைதி காத்தால் மாத்திரையோடு திரும்ப வேண்டும். உடன்வந்த தோழரைப் பேசச் சொன்னால் அவர் வெளியே நிறுத்தப்படுவார். ஒவ்வொரு வழியாக அடைபடும்போதுதான், குறை மருத்துவரின் குரலில் மட்டுமன்றி, நீளும் வரிசையிலும் கேள்வியின் அளவையிலும் இருப்பது புலனாகிறது.

மருத்துவ மாணவரும் மருத்துவமனைப் படிநிலையின் அடியில் இருப்பவரே என்று மறுக்கலாம். அது மெய்யே, அவர்தம் நிலையை அரங்கேற்றுவது போவாலுக்கு முரணுமன்று. ஆயினும் பயிற்சி மருத்துவரின் களைப்பும் குளியாளரின் இக்கட்டும் ஒன்றல்ல. மேடையில் சில நிமிடங்கள் நின்றவர் கடலடி வாழ்வை உணர்ந்துவிட்டார் என்பதும் மிகையே. காட்சியை அமைக்கவும், 'நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம்' என இடைமறிக்கவும் குளியாளரே அங்கிருத்தல் வேண்டும். அதற்காக அவர் ஒருநாள் கடலுக்குச் செல்லாமல் வருவார். அந்நாளின் கூலியும் பயிற்சிச் செலவில் சேரவேண்டியதே.