பாரமானி முள்ளும் ஹார்மோன் மாத்திரையும்

மாதவிடாய் நிற்கும் வயதுவரை பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடக் குறைவு. அதன்பின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு குறைகிறது, மாரடைப்பு கூடுகிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. மாத்திரை உண்ட பெண்களிடையே மாரடைப்பு குறைந்து காணப்பட்டதும் உண்மையே.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. மழைக்கு முன் பாரமானியின் முள் இறங்குகிறது. முள்ளைக் கையால் ஏற்றிவிட்டால் மழை நின்றுவிடுமா? தாமே விரும்பி மாத்திரை உண்டவர்கள் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உடையவர்கள், உடல்நலம் பேணுபவர்கள். அவர்களைக் காத்தது மாத்திரையா, வாழ்க்கை முறையா?

இதை அறிய, நாணயம் சுண்டுவதுபோல் இரு பிரிவாக்கிச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் அவ்வாறே சோதித்தனர். 2002இல் முடிவு வெளியாயிற்று. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை உண்டவர்களில், ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு 37 பேர் மாரடைப்புக்கோ இதயநாள நோய் மரணத்துக்கோ ஆளாயினர். வெற்று மாத்திரை உண்டவர்களில் 30 பேர்.

வேறுபாடு சிறிதுதான். எனினும் காக்கும் என்று கொடுத்த மருந்து காக்கவில்லை. மாதவிடாய் நிற்கையில் தோன்றும் தொல்லைகளுக்கு மருத்துவர்கள் இன்றும் ஹார்மோன் தருகின்றனர். அது வேறு பயன். ‘இரத்தத்தில் இது குறைவு, ஆகவே இதை உண்ணுங்கள்’ என்று எவரேனும் எழுதினால், ‘பிரித்துச் சோதித்தீர்களா?’ என்று கேளுங்கள்.