முலாம்பழமும் முத்தமும்

பிரெடரிக் ஃபோர்ஸித்தின் ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ 1971-இல் வெளிவந்தது. ஜனாதிபதி டி கால் கொலையுண்டு சாகவில்லை என்பது உலகறிந்த சங்கதி. பிறகு என்ன பரபரப்பு? ஆர்டென் காட்டுக் கட்டத்தைப் படியுங்கள். கொலையாளி முலாம்பழத்தை மரத்தில் தொங்கவிட்டு, காலடியால் தூரம் அளந்து சுடுகிறான். குண்டு விலகிய அளவுக்குத் திருகாணியைத் திருகி, துப்பாக்கித் தொலைநோக்கியின் குறுக்குக் கோடுகளைச் சரிசெய்கிறான், மறுபடி சுடுகிறான். (தூரத்தைக் கணிக்கவே புள்ளியிட்ட தொலைநோக்கிகளும் உண்டு, அவற்றில் ஆயிரம் மீட்டருக்கப்பால் ஒரு மீட்டர், ஒரு ‘மில்’.) அந்த நிதானத்தில் மயங்கி, பாவி குறி தப்பிவிடக் கூடாதே என்று நாமே தவிக்கிறோம்! ஆசிரியரின் சாமர்த்தியந்தான், எனக்கென்னவோ கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. கடைசியில், பதக்கம் பெறும் பழைய வீரர் ஒருவரின் கன்னத்தில் முத்தமிட டி கால் குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அவன் அந்நியன், பிரெஞ்சுக்காரரின் அந்த வழக்கம் அவன் கணக்கில் வரவில்லை.