குறும்பாவின் நகை

சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார்மீது நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளையந்தாதி யமகத்தால் அமைந்தது. அதன் சொற்களைப் பிரித்துப் பொருள்கொள்ள உரையாசிரியர் துணை வேண்டும். அதே வலிகாமத்தின் அளவெட்டியிற் பிறந்த மகாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971), 1966இல் வெளியிட்ட ‘குறும்பா’வுக்கு உரை வேண்டியதில்லை. ஆங்கில லிமரிக்கின் ஐந்தடி அமைப்பை எதுகையும் இயைபும் பொருந்தத் தமிழுக்கு ஆக்கிய நூல் அது. எளிமை கண்டு அதனை வெறும் வேடிக்கையென ஒதுக்குதல் தகுமா?

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் எவ்வளவு கூர்மையாகலாம் என்பதற்குக் குறும்பா ஒன்றே சான்று. முத்துக் குளிப்போன் முன் காலன் தோன்றுகிறான். கையிற் பத்து முத்துக்கள் வைக்கப்பட்டதும் பேசாது போய்விடுகிறான்.

காலனும் இலஞ்சம் வாங்கும் உத்தியோகத்தன் ஆனான் என்று நகைக்கிறோம். ஆயின், அந்நகை யார் பக்கம் நிற்கிறது? வாங்கியவனை இகழும் நாம், கொடுத்தவன் பிழைத்ததற்கு மகிழ்கிறோம். அவன்மீது குற்றங் காண்பதில்லை. ஆட்சியின் ஊழலுக்கு நம் குணமும் உடந்தை என்பதை அந்நகையே வெளிப்படுத்துகிறது. இதனை எழுதியவர் அரச சேவையிற் பணியாற்றியவர் என்பதும் கருதத்தக்கது.

குறையும் உண்டு. ஐந்தடிக்குள் மாந்தர் வகைமாதிரிகளாகவே நிற்கின்றனர். அவர்தம் வறுமைக்கும் அச்சத்துக்கும் அங்கு இடமில்லை. அது வடிவத்தின் எல்லை. எனினும், அறவுரை கூறாமலே படிப்போனை அறத்தின்முன் நிறுத்தும் ஆற்றலை வேடிக்கை என்பது திறனாய்வு ஆகாது.